பெயர் எழுதிய தகரம்

தகரங்கள் என் பெயரில் வந்தன. அதுதான் தவறு. அதைச் செய்தது நான் இல்லை.

மார்ச் மாதம் தலைநகர் தாராவாவிலிருந்து வந்த சரக்குக் கப்பல் அறுபது தகரங்களை இறக்கிவிட்டுப் போனது. பத்துப் பத்தாக ஆறு கட்டு. ஒவ்வொரு தகரத்தின் ஓரத்திலும் கறுப்பு வண்ணத்தில் அச்சிட்டிருந்தார்கள்: ரூட்டா இயோவானே, தலைமை ஆசிரியை. பள்ளியின் பெயர் இல்லை. ஊரின் பெயரும் இல்லை. வேறொரு தீவில் ஊர்ச்சபைக்குக் கொடுத்த சிமெண்ட் காணாமல் போனதாம். அதனால் இனி எந்தப் பொருளுக்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு என்று உதவித் திட்டத்தின் அலுவலகம் விதி போட்டிருந்தது.

ஏழாம் வகுப்பு இரண்டு ஆண்டுகளாக ஈரப்பலா மரத்தடியில் நடந்தது. டிசம்பருக்குள் தகரக் கூரை போட்ட வகுப்பறை இருந்தால் அந்த வகுப்பு எங்கள் தீவிலேயே இருக்கும் என்று அமைச்சகம் எழுதியிருந்தது. இல்லாவிட்டால் பிள்ளைகள் கப்பலேறித் தெற்குத் தீவின் விடுதிக்குப் போக வேண்டும். முன்பு அங்கே போன பதினான்கு பேரில் ஒன்பது பேர் படிப்பை விட்டவர்கள். அவர்களின் பெயர்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். கம்பங்களை ஊரார் நட்டுவிட்டார்கள். தகரம்தான் வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் மனெயபாவின் பெயரில் இருக்கும் பொருளை யாரும் கேட்பதில்லை. ஊரே கூடி உட்காரும் கூரை அது. அதனிடம் போய் எப்படிக் கேட்பது? ஓர் ஆளின் பெயரில் இருப்பதைக் கேட்கலாம். கேட்டால் கொடுக்க வேண்டும். அப்படிக் கேட்பதற்குப் புபுசி என்று பெயர். மறுக்கவும் செய்யலாம். மறுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சாவுக்குப் பாய் விரிக்க ஆள் வரவில்லை.

தகரங்களை மனெயபாவின் பெயருக்கு மாற்றச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதினேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. பொருள்கள் பெயர் குறிக்கப்பட்ட நபரின் வீட்டில் பூட்டி வைக்கப்பட வேண்டும். மாற்ற இயலாது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

அதற்குள் தெதாபோ வந்துவிட்டுப் போயிருந்தான்.

தெதாபோ என் பெரியப்பா மகன். நடுப்பகலில் வந்தான். ஒரு கட்டை புகையிலையைப் பாயில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவன் மனைவி பின்னால் உட்கார்ந்தாள். புகையிலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கப்பல்ல உனக்கு ஏதோ வந்துச்சாமே, தங்கச்சி."

"எனக்கு இல்லண்ணே. பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடத்துக்குப் பேரு ரூட்டாவா? நான் படிச்சப்ப வேற பேரு இருந்துச்சு."

அவன் மனைவி சிரித்தாள்.

"நீ எங்கண்ணே படிச்ச? மூணு நாள் வந்த."

"வந்தேன்ல. பேரு பாத்தேன்ல." அவன் புகையிலையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினான். "கிணறு உப்பாயிடுச்சு. ஓலைக்கூரையில மழைத்தண்ணி புடிச்சா சாயத்தண்ணி மாதிரி வருது. தகரம் போட்டாத்தான் குடிக்கிற தண்ணி."

"டிசம்பருக்குள்ள கூரை போடலன்னா ஏழாம் வகுப்பு போயிடும். உன் பொண்ணு அரோபாவும் கப்பலேறணும்."

"அது டிசம்பர்ல. தாகம் இப்ப."

"திட்டத்துக்காரங்க வந்து எண்ணிப் பாப்பாங்கண்ணே."

"பாக்கட்டும். படிச்சவங்கதானே, எண்ணத் தெரியும்."

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான். குரலை மாற்றிக்கொண்டான்.

"ரூட்டா, உங்கிட்ட கேக்கறேன். பதினோரு தகரம்."

என் கணவர் ஜெர்மன் கப்பல் ஒன்றில் மாலுமி. அவர் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

அவன் தகரங்களைப் பின்வழியாக எடுத்துப் போகவில்லை. மைத்துனர்கள் இருவரோடு தலையில் சுமந்து ஊர்ப்பாதை வழியாகவே போனான். பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

செப்டம்பரில் திட்டத்தின் அதிகாரி வந்தாள். பெயர் மிஸ் கால்டர். மெலிந்தவள், முழங்கைவரை சட்டை. அவளோடு கல்வி அமைச்சகத்திலிருந்து தவேயா மொழிபெயர்க்க வந்திருந்தான். தாராவாவில் வளர்ந்தவன். மணலில் கறுப்பு ஷூ போட்டு நடந்தான். நான்கு தச்சர்களும் வந்தார்கள். கூரை போட ஐந்து நாள் என்றார்கள்.

மிஸ் கால்டர் முதலில் என் வீட்டுக்கு வந்தாள். பென்சிலால் ஒவ்வொரு தகரத்தையும் தட்டி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"நாப்பத்தொன்பது இருக்கு. மீதி பதினொண்ணு எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"கேட்டவங்களுக்கு."

"என்ன விலைக்கு வித்தீங்க?"

"விக்கல. கேட்டாங்க, குடுத்தேன்."

"எதுக்குக் குடுத்தீங்க?"

"கேட்டாங்க."

அவள் தன் நோட்டில் ஒரே ஒரு சொல் எழுதினாள். திருட்டு. தலைகீழாக இருந்தாலும் எனக்கு ஆங்கிலம் படிக்க வரும்.

வெளியே வந்ததும் அவள் நின்றாள். நான்கு வீடு தள்ளி தெதாபோவின் கூரை வெயிலில் மின்னியது.

"அது என்ன?"

"கூரை" என்றேன்.

அவள் நேராக அங்கே போனாள். தெதாபோ பாயில் படுத்திருந்தான். எழுந்திருக்கவில்லை. அவள் குனிந்து கூரையின் உட்புறத்தைப் பார்த்தாள். பதினோரு இடத்தில் என் பெயர் இருந்தது.

"இதுல இவங்க பேரு இருக்கு" என்றாள். தவேயா அதை எங்கள் மொழியில் சொன்னான்.

"ஆமா, என் தங்கச்சி பேரு" என்றான் தெதாபோ. "குடுத்தவ பேரு இருந்தா என்ன தப்பு? உங்க நாட்டுல குடுத்தவங்க பேர அழிச்சுடுவீங்களா?"

தவேயா அதைப் பாதிதான் சொன்னான்.

"இதைப் பிரிச்சுக் குடுத்தா போதுமா?" என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஆணி அடிச்ச தகரத்த ஏத்துக்க முடியாது. புதுசாத்தான் இருக்கணும். விதி."

"ஓட்டையை அடைக்கலாம்."

"மிஸஸ் இயோவானே, நான் உங்ககிட்ட பேரம் பேச வரல."

தெதாபோ மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் மனெயபாவில் ஊர் கூடியது. அவரவர் குடும்பம் அவரவர் இடத்தில் உட்கார்ந்தது. விருந்தாளி என்று மிஸ் கால்டருக்கு மாலை போட்டார்கள். இளநீர் வைத்தார்கள். சேம்பும் மீனும் வைத்தார்கள். அவள் இளநீரைத் தொடவில்லை.

எழுந்து நின்று பேசினாள். பதினோரு தகரம் காணாமல் போயிருக்கிறது. யார் எடுத்தார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் தடுக்கவில்லை. ஆகவே இந்தத் தீவில் திட்டம் மூடப்படுகிறது. மீதி நாற்பத்தொன்பது தகரமும் தச்சர்களும் நாளைக் காலைக் கப்பலில் வேறு தீவுக்குப் போகும்.

தவேயா மொழிபெயர்த்தான். என் வகுப்புப் பிள்ளைகள் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் புரிந்தது.

மிஸ் கால்டர் ஒரு தாளை என் முன் வைத்தாள். என் பொறுப்பில் உள்ள நாற்பத்தொன்பது தகரங்களை ஒப்படைக்கிறேன். கீழே என் பெயர். பக்கத்தில் பேனா.

"கையெழுத்துப் போடுங்க டீச்சர்" என்றான் தவேயா. "என் வேலைக்கும் வம்பு வேண்டாம்."

நான் தாளை இரண்டு முறை படித்தேன்.

"நான் கையெழுத்துப் போடற வரைக்கும் இந்தத் தகரம் யாரோடது?" என்று மிஸ் கால்டரிடம் கேட்டேன்.

"உங்க பொறுப்புல இருக்கு. பேப்பர்ல உங்க பேருதான். அதனாலதானே கையெழுத்து கேக்கறோம்."

"தவேயா, அத ஊருக்குச் சொல்லு."

தவேயா என்னைப் பார்த்தான். தாராவாவில் வளர்ந்தாலும் அவன் அம்மா அவனை எங்கள் வழியில்தான் வளர்த்திருக்க வேண்டும். அவனுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

"கையெழுத்துப் போடற வரைக்கும் தகரம் டீச்சரோடதுதானாம்" என்றான்.

நான் பேனாவைப் பாயில் வைத்தேன். என்னிடம் கேளுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அது புபுசி ஆகாது.

கோழி ஒன்று உள்ளே வந்து வெளியே போனது.

வடக்குப் பக்கம் புரெய்மோவா தொண்டையைச் செருமினார். ஒரு சேம்புக் குழிக்காக என் அப்பாவோடு வழக்காடியவர். பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டாரோடு பேச்சு இல்லை.

"ரூட்டா, உங்கப்பன் என் சேம்புக் குழியத் தின்னுட்டுச் செத்தான். நான் அதை மறக்கல. உங்கிட்ட கேக்கறேன். ரெண்டு தகரம்."

"எடுத்துக்கங்க" என்றேன்.

அவர் பேரன்கள் இருவர் எழுந்து என் வீட்டை நோக்கிப் போனார்கள்.

பிறகு கிழக்குப் பக்கமிருந்து ஒருத்தி ஒன்று கேட்டாள். அவளுக்கு அடுத்தவர் மூன்று. என்னைப் பிடிக்காதவர்களே அதிகம் கேட்டார்கள். ஒருத்தி தன் மகனை நான் ஐந்தாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார வைத்ததைச் சொல்லிக் காட்டிவிட்டுக் கேட்டாள். கொடுத்தேன்.

"என்ன நடக்குது?" என்றாள் மிஸ் கால்டர்.

"கேக்கறாங்க" என்றான் தவேயா.

"முடியாதுன்னு அவங்களச் சொல்லச் சொல்லு."

"அப்படிச் சொல்ல வழி இல்ல, மேடம்."

"பட்டப்பகல்ல, என் கண்ணு முன்னாடியா?"

"உங்க கண்ணு முன்னாடிதான் கேக்கணும். திருட்டுத்தனமா கேட்டாத்தான் தப்பு."

பின்பு அவன் அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். எனக்குக் கேட்டது.

"நீங்களும் கேக்கலாம், மேடம். நீங்க விருந்தாளி. மாலை போட்டிருக்காங்க. மீதி எல்லாத்தையும் எனக்குக் குடுன்னு ஒரு வார்த்தை சொன்னா அவங்க குடுத்துத்தான் ஆகணும்."

அப்போது முப்பத்தொரு தகரம் மிச்சம் இருந்தது. அவன் சொன்னது உண்மை. அவள் கேட்டால் கொடுத்துவிடுவேன். கொடுக்காமலிருக்க எனக்குத் தெரியாது.

மிஸ் கால்டர் என்னைப் பார்த்தாள். நான் பாயைப் பார்த்தேன்.

"நாங்க வாங்கின பொருள நானே போய் இவங்ககிட்ட கேக்கணுமா?"

"கேட்டா போதும்."

"கேக்க மாட்டேன். இது எங்களோடது. எங்களோடத நான் எதுக்குக் கேக்கணும்?"

தவேயா தோளைக் குலுக்கினான். அவள் தன் நோட்டை மூடினாள்.

தெதாபோ அதுவரை வாய் திறக்கவில்லை. கடைசியாக அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மனெயபாவே அவனைத் திரும்பிப் பார்த்தது.

"ரூட்டா, உங்கிட்ட கேக்கறேன். இன்னும் நாலு."

யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

"எடுத்துக்கண்ணே."

"கோவமா?"

"எடுத்துக்க."

வெயில் சாயும்முன் என் வீட்டில் ஒரு தகரமும் இல்லை. மிஸ் கால்டர் வாசலில் நின்று காலி அறையைப் படம் எடுத்துக்கொண்டாள்.

"இந்தத் தீவுக்கு இனிமே எதுவும் வராது" என்றாள். "உங்கமேல புகார் போகும். நான் எழுதற புகார்."

தவேயா அதை ஒரு சொல் விடாமல், பின்னாலேயே வந்து நின்ற ஊருக்குச் சொன்னான்.

"அந்த இளநீரையாவது குடிச்சுட்டுப் போகச் சொல்லு" என்றார் புரெய்மோவா. "வெட்டினது வீணாப் போகுது."

காலையில் கப்பல் போனது. தச்சர்களும் போனார்கள்.

தகரங்கள் வீடுகளில் இருந்தன. நான் யாரிடமும் போகவில்லை. கேட்டால் தருவார்கள், அது தெரியும். தந்தால் மறுபடி என் பெயரில் வந்துவிடும். அடுத்த நாளே இன்னொருவன் புகையிலையோடு வருவான். அவர்களாகக் கொண்டுவர வேண்டும். கொண்டுவருவார்களா என்று தெரியாது.

நான்கு நாள் யாரும் வரவில்லை. ஒரு வீட்டில் பன்றிக் கொட்டிலின் மேல் தகரம் ஏறியதைப் பார்த்தேன். பார்க்காதது போல் நடந்தேன். கடைக்காரி எனக்கு அரிசி நிறுக்கும்போது, "வாரி வாரிக் குடுத்த கை, இப்ப எதுக்கு ரெண்டு கிலோவோட நிக்குது?" என்றாள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அவளிடம் இரண்டு தகரம் இருந்தது.

ஐந்தாம் நாள் புரெய்மோவா வந்தார். பேரன்கள் தகரங்களைச் சுமந்து வந்தார்கள். வகுப்பறையின் கம்பங்களுக்கு நடுவே நின்று சுற்றிப் பார்த்தார்.

"என் பேரன் எங்க உக்காருவான்?"

"இன்னும் முடிவு பண்ணல."

"மனெயபால எங்க இடம் வடக்கு. இங்கயும் வடக்குல உக்காரட்டும். அவன் தலைக்கு மேல என் தகரத்த அடிப்பேன். வேற எவன் தலைக்கு மேலயும் இல்ல."

"சரி."

"உனக்காக இல்ல."

"தெரியும்."

அவரே ஏறி அடித்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஏணியை நான் பிடிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

அதன்பின் ஒவ்வொரு வீடாக வந்தது. தன் பிள்ளை உட்காரும் இடத்துக்கு மேல் தன் தகரம். படிக்கும் பிள்ளை இல்லாதவர்கள் வாசல் பக்கம் அடித்தார்கள். எந்தத் தகரம் பக்கத்து வீட்டுத் தகரத்தின்மேல் எவ்வளவு ஏறலாம் என்பதற்கு இரண்டு சண்டை நடந்தது. ஒன்றில் ரத்தம் வந்தது. பன்றிக் கொட்டிலின் தகரமும் ஒரு நாள் கழன்று வந்தது. கடைக்காரி மட்டும் இரண்டையும் வைத்துக்கொண்டாள். அக்டோபர் கடைசியில் எண்ணினேன். நாற்பத்து மூன்று. ஓரங்களைச் சிக்கனமாக ஏற்றி அடித்ததால் மேற்கு மூலையில் மட்டும் ஒரு பாயின் அகலத்துக்கு வானம் தெரிந்தது. அது தெதாபோ குடும்பத்தின் இடம்.

நவம்பரில் அமைச்சகத்திலிருந்து ஒருவர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். படிவத்தில் தகரக் கூரை உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்று எழுதினார். இடைவெளி பற்றிக் கேள்வி இல்லை. ஏழாம் வகுப்பு எங்கள் தீவிலேயே இருக்கும் என்று முத்திரை குத்தினார். பிறகு பையிலிருந்து ஓர் உறையை எடுத்து என்னிடம் கொடுத்தார். உதவிப் பொருளை இழந்ததற்காக டிசம்பர் முப்பத்தொன்றோடு நான் வேலையிலிருந்து நீக்கப்படுகிறேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார். அதில் போட்டேன்.

அந்த வாரமே மேற்குக் காற்று வந்தது. மழை சாய்ந்து அடித்தது. அரோபா நனைந்தாள். புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பக்கத்துப் பாய்க்கு நகர்ந்தாள்.

"இது எங்க இடம்" என்றாள் அந்தப் பாயில் இருந்த பெண். அதட்டவில்லை. சொன்னாள், அவ்வளவுதான்.

அரோபா தன் இடத்துக்குத் திரும்பினாள். என் மேசைக்கு அருகில் அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் அவள், ஒரு தவறும் செய்யாதவள். தெரிந்துதான் செய்தேன்.

பள்ளி விடும் நேரத்தில் தெதாபோ வந்தான். தலையில் துணி போட்டிருந்தான்.

"எம் பொண்ணு நனையிறா."

"ஆமா."

"நீதானே டீச்சர். நகத்தி உக்கார வை."

"யார் இடத்துல?"

அவன் கூரையைப் பார்த்தான். ஒவ்வொரு தகரத்திலும் என் பெயர், அதன் கீழே, அதை அடித்தவர்களின் பெயர் கரியால்.

"தகரம் வேணும்னா கேளு, தங்கச்சி. கேட்டா இல்லன்னு சொல்ற ஆளா நானு?"

"கேக்க மாட்டேன்."

"ஒரு வார்த்தை. பதினஞ்சையும் தர்றேன். ஊரறியத் தர்றேன்."

"ஊரறியத் தருவ. அதான் கேக்க மாட்டேன்."

"வேலை போயும் திமிரு போகல."

"நாலு தகரம் போட்ட உன் சமையக்கட்டு நனையலையே? போய்ப் பாரு."

அவன் தரையில் துப்பிவிட்டுப் போனான். அடுத்த இரண்டு நாளும் மழை. அரோபா இரண்டு நாளும் வந்தாள். இரண்டு நாளும் அதே இடத்தில் உட்கார்ந்தாள். இருமினாள். என்னைப் பார்க்கவில்லை. எழுதியது மட்டும் தப்பில்லாமல் இருந்தது.

மூன்றாம் நாள் காலை கணக்குப் பாடம். பின்னங்களைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே காலடிச் சத்தம் கேட்டது. மேற்கு மூலையில் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. பிள்ளைகள் அண்ணாந்தார்கள்.

"கரும்பலகையப் பாருங்க" என்றேன்.

சுத்தியல் இறங்கியது. தெதாபோ பள்ளி தொடங்கும் முன்பே வந்து அடித்திருக்கலாம். பள்ளி விட்ட பிறகும் வந்திருக்கலாம். நான் வாய் திறக்கும்போதெல்லாம் ஓங்கி ஓர் அடி. நிறுத்தினால் அவனும் நிறுத்தினான். ஒரு தகரத்துக்கு ஆறு ஆணி போதும். அவன் பதினெட்டு அடித்தான்.

நான் குரலை உயர்த்தினேன். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டினால் என்ன என்று கேட்டேன். அவன் அடித்தான். மறுபடி கேட்டேன், இன்னும் சத்தமாக. அரோபா எழுந்து நின்று, தன் அப்பனின் சுத்தியலுக்கு மேல் கத்தி, விடையைச் சொன்னாள்.

"சரி. உக்காரு" என்றேன். அடுத்த கணக்கை எழுதத் திரும்பினேன்.